பதவிக்குச் சோறு போட்ட தறி

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு என் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் ஊராட்சித் தலைவர்களுக்கு அதே நாள்தான் கடைசி. அதன் பிறகு நிர்வாகம் சிறப்பு அலுவலர் கைக்குப் போய்விட்டது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் நான் நிற்கப் போவதில்லை என்று வார்டு உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் அதை நம்பவில்லை. "ஏனுங்கம்மா, ஒன்றியத்துக்கு நிக்கறீங்களாமா?" என்று சிலர் கேட்டார்கள். "சம்பாரிச்சது போதும்னு போறாங்க" என்று டீக்கடையில் சிலர் பேசினார்கள். இரண்டும் இல்லை. எனக்கு ஒரு தறிக்கூடம் இருக்கிறது, ஒரு குடும்பம் இருக்கிறது. நான் தலைவராக இருந்த காலமெல்லாம் அந்தப் பதவியைத் தாங்கியவை அவை இரண்டும்தான். இப்போது அவற்றுக்கு நான் வேண்டும்.

ஊராட்சித் தலைவரின் கடமை என்ன, அதிகாரம் என்ன என்பதெல்லாம் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய யாருடைய காசு செலவாகிறது என்பது அதில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2006 தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை ஊர் விவகாரங்களில் முன்னால் நின்றவர் என் மாமனார். நான் தறிக்கூடத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது கூலிக்கு நெசவு. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்தால் கூலி. பாவு வந்து இறங்கிய தேதி, ஊடை நூலின் எடை, துணி போன மீட்டர், சனிக்கிழமை பட்டுவாடா என்று எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மாமா சொன்னார்: "நீ நில்லு கண்ணு. கணக்கு எழுதத் தெரிஞ்சவதான் அங்க வேணும்."

கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எனக்குப் பூட்டு சாவி கிடைத்தது. வாக்காளர் கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள் கொடுப்பார்கள். தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு. வயதானவர்களிடம், "ரோஸ் சீட்டுல பூட்டு சாவிங்க" என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டோம்.

மனுத் தாக்கல் செய்வதற்கு முந்தின நாள் இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். தறி வருமானத்தில் கையில் மிச்சம் இருப்பதைத் தவிர ஒரு ரூபாயும் தேர்தலுக்குச் செலவழிக்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது, நகை அடகு வைக்கக் கூடாது. அத்தைதான் அதில் உறுதியாக நின்றார். "கடன் வாங்கி ஜெயிச்சா, வட்டி கட்ட ஊரைத்தான் அடகு வைக்கோணும்" என்றார். பள்ளிக்கூடம் பார்க்காதவர் அவர். ஊராட்சி நிர்வாகத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அதற்கு மேலான ஒன்று இல்லை.

ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது முதல் போராட்டம் அந்த நாற்காலிக்காகத்தான். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் அலைபேசி அழைப்புகள் என் வீட்டுக்காரருக்குப் போகும். எஸ்டிமேட் பேச வருகிறவர் வாசலில் நின்று, "சார் இல்லீங்களா?" என்பார். கையெழுத்து மட்டும் மனைவி போட, கணவர் நிர்வாகம் செய்வது அன்றைக்குப் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. தலைவியின் உறவினர்கள் நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று அதிகாரிகள் அவ்வப்போது எச்சரிப்பார்கள். ஆனால் அதே அலுவலகத்தில் இருப்பவர்கள்தான் கணவரைத் தேடுவார்கள். என் வீட்டுக்காரர் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. அவர் ஊராட்சி அலுவலகத்தின் படியை மிதிக்கவே இல்லை. யார் கூப்பிட்டாலும், "தலைவர்கிட்டப் பேசுங்க, எனக்குப் பாவு பிணைக்கற வேலை இருக்குது" என்று அலைபேசியை வைத்துவிடுவார். ஆறு மாதத்தில் எல்லோரும் என் எண்ணுக்கே அழைக்கப் பழகிக்கொண்டார்கள்.

நாற்காலி சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. அப்போது நான் கடைசி முறை பதவியில் இருந்தேன். மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த இருக்கையை ஊர் கொடுக்க மறுப்பது எத்தனை கொடுமை என்று அந்தப் படம் நாடு முழுவதற்கும் காட்டியது. மேலவளவில் 1997இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. எனக்கு வந்த எதிர்ப்பு 'சார் இல்லீங்களா' என்ற கேள்வியோடு நின்றது. அந்தப் பெண்ணுக்கு வந்தது அவமானம், மேலவளவில் வந்தது சாவு. சொந்தச் சாதியின் பலத்தோடு பதவிக்கு வந்த என்னைப் போன்றவர்கள் இந்த வேறுபாட்டைத் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் மன்றக் கூட்டம் என்றால் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே வரிசை, ஒரே டம்ளரில் டீ. இதை நான் முதல் கூட்டத்திலேயே செய்தேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

தலைவர் வேலையில் முக்கால் பங்கு தண்ணீர். எங்கள் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தபோதும் சரி, 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்த பிறகும் சரி, காலையில் வரும் முதல் அழைப்பு தண்ணீருக்காகத்தான். ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நாள் விட்டு, வாரம் விட்டு வரும். மற்றதெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். ஆயிரம் அடி தோண்டியும் புழுதி மட்டும் பறந்த குழிகள் எங்கள் ஊரில் உண்டு.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டி இயக்குபவர் கூப்பிடுவார். "மோட்டார் காயில் போயிருச்சுங்கம்மா." அந்த நேரத்தில் ஊராட்சி என்ன செய்ய முடியும்? மோட்டாரைத் தூக்க வண்டி வர வேண்டும், வண்டிக்காரருக்கு ரொக்கம் வேண்டும். காயில் கட்டுகிற கடைக்கு முன்பணம் வேண்டும். கேபிள் எரிந்திருந்தால் அதுவும் ரொக்கத்தில்தான் வாங்க வேண்டும். ஊராட்சியின் பணம் வங்கியில் இருக்கிறது. அதை எடுக்கச் செலவினச் சீட்டு, தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து போடும் கையெழுத்து, மன்றத் தீர்மானம், சில செலவுகளுக்கு மேலிடத்து அனுமதி எல்லாம் வேண்டும். அதுவரை மேட்டுத் தெருவில் குடத்தோடு நிற்கிற பெண்கள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. ஆக, தலைவர் தன் கைக்காசைப் போட்டு மோட்டாரை ஓட வைப்பார். பில் பிறகு பாஸ் ஆகும். சில சமயம் ஒரு மாதத்தில், சில சமயம் ஆறு மாதத்தில். சில பில்கள் தணிக்கையில் நின்றுபோகும்.

என் வீட்டில் அந்தக் காசு சனிக்கிழமைக் கூலிப் பெட்டியிலிருந்து வந்தது. தறி ஓடிய வாரங்களில் அது முடிந்தது. தறி நின்ற வாரங்களில் என் வீட்டுக்காரர் கடைகளில் தவணை கேட்டார்.

இப்படிக் கைக்காசு போட முடியாத தலைவர் என்ன செய்வார்? அங்கேதான் ஒப்பந்தக்காரர் வருகிறார். "நான் பாத்துக்கறேனுங், நீங்க கவலைப்படாதீங்க" என்று அவர் மோட்டாரைச் சரி செய்து கொடுப்பார். அதற்குப் பணம் கேட்க மாட்டார். மூன்று மாதம் கழித்துச் சாலை வேலை வரும்போது அவர் போட்ட ஜல்லியின் கனத்தை யாரும் அளக்க முடியாது. அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஒன்று இருக்கும், தரையில் ஒன்று இருக்கும். ஊழல் என்றால் பெட்டியில் பணம் கைமாறுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிராமத்தில் அது பெரும்பாலும் ஓர் உதவியில் ஆரம்பிக்கிறது. உதவி வாங்கியவருக்கு மறுக்கும் உரிமை போய்விடுகிறது.

கடைசி முறை நான் பதவியேற்றபோது தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். 2023இல் அரசு அதை 2,000 ஆக்கியது. 1,000 ரூபாய்க் கணக்கில் ஐந்தாண்டுக்கு 60,000. 2019 தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு டெபாசிட் 600 ரூபாய். தேர்தல் ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு 34,000. அந்த வரம்புக்குள் செலவழித்து ஜெயித்தவர் நியாயமாக நிர்வாகம் செய்யலாம். சில ஊர்களில் லட்சக்கணக்கில் இறைக்கிறார்கள். தலைவர் பதவியையே கோயில் மண்டபத்தில் ஏலம் விட்ட செய்திகளும் அந்தத் தேர்தலில் வந்தன. ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே திரும்ப எடுப்பார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தால் ஏலம் நின்றிருக்கும்.

2008 ஏப்ரலில் எங்கள் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது. தொடக்கத்தில் கூலி 80 ரூபாய். தறி உரிமையாளர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "ஆள் எல்லாம் குட்டை வெட்டப் போயிட்டா தறிக்கு யார் வருவாங்க?" என்றார்கள். நானும் தறி வைத்திருப்பவள்தான். ஆனால் அந்த வேலைக்குப் போனவர்கள் யார் என்று பெயர் வாரியாகப் படித்துக் காட்டினேன். கணவனை இழந்தவர்கள், அறுபது தாண்டியவர்கள், வெளியில் கூலிக்குப் போனால் ஆணுக்கு ஒரு கூலி தனக்கு ஒரு கூலி என்று வாங்கிப் பழகிய பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தார்கள். அருந்ததியர் தெருவில் ஓர் அம்மா, வாரக் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத காசுங்க" என்றார்.

அந்தத் திட்டம் மாறிய விதத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் கூலியை ரொக்கமாக, ஊர் பார்க்கக் கொடுத்தோம். பிறகு வங்கிக் கணக்கில் போட்டார்கள். அதனால் இடையில் கை வைப்பது குறைந்தது. ஆனால் பணம் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பாட்டிகள் பல்லடம் வரை பஸ் ஏறிப் போனார்கள். 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலைத்தளங்களிலும் கைபேசிச் செயலியில் இரண்டு வேளையும் படம் எடுத்து வருகைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. சிக்னல் கிடைக்காத குட்டைக்குள் நின்று மேட்டைத் தேடி ஓடினோம். கூலி 319 ரூபாய் வரை உயர்ந்தது. நான் பதவியை விட்டபோது பல வாரக் கூலி நிலுவையில் இருந்தது. வேலை செய்த காசுக்காக ஏழைகள் மாதக்கணக்கில் காத்திருப்பதை எந்தச் செயலியும் சரிசெய்யவில்லை என்ற கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது.

கிராம சபை முதலில் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022க்குப் பிறகு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு ஆனது. மக்கள் தொகைக்கு ஏற்ப ஆள் எண்ணிக்கை வேண்டும். ஐநூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர், அதற்கு மேல் பத்தாயிரம் வரை இருநூறு பேர். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். தீர்மானம் முன்பே எழுதியிருக்கும். எங்கள் ஊரில் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தீர்மானத்துக்கு முன் வரவு செலவை ஒலிபெருக்கியில் நானே வாசிப்பேன். மோட்டார் பழுதுக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, எந்தக் கடை, எந்தத் தேதி, எல்லாம் வரும். முதல் இரண்டு கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. மூன்றாவதில் ஒரு பையன் எழுந்து, "எங்க தெரு விளக்கு எரியவே இல்லீங்களே, பல்பு வாங்கினதா சொல்றீங்க?" என்றான். அன்றைக்கே போய்ப் பார்த்தோம். பல்பு வேறு தெருவில் மாட்டப்பட்டிருந்தது, மாற்றினோம். அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் அலையவில்லை. கணக்கை வாசித்தால் மக்கள் வருவார்கள். தங்கள் தெருப் பெயர் அதில் வருகிறதா என்று கேட்கவாவது வருவார்கள்.

கணக்கை வாசிப்பதில் இன்னொரு பலனும் உண்டு. எந்தப் பணத்தில் எதைச் செய்யலாம் என்று ஊர் புரிந்துகொள்கிறது. பொது நிதி ஒரு கணக்கு, மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீருக்கும் ஒரு கணக்கு, திட்டங்களுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனி. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. "பணம் இருக்குதே, ஏன் மண்டபம் கட்டலை?" என்ற கேள்விக்கு இதை ஒருமுறை விளக்கிச் சொன்னால் போதும். அடுத்த முறை ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் நிலத்தின் விலை ஏறியதும் மனை விற்பவர்கள் வந்தார்கள். லே-அவுட் போடுகிறவர் சாலையையும், பெரிய மனைப்பிரிவானால் பத்து சதவீதப் பொது இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2016க்கு முன் அதைப் பற்றிக் கவலைப்படாமல் விற்றவர்கள் ஏராளம். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்த பிறகுதான் ஊராட்சி அலுவலகத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதற்கு வெகு முன்பே ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். கூடைக்கு அடியில் ஓர் உறை இருந்தது. மாமா கூடையைத் தொடாமல், "தம்பி, தறி ஓடற சத்தம் கேக்குதுங்களா? அது ஓடற வரைக்கும் எங்களுக்கு இது வேண்டாமுங்க" என்று சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். சாலையும் சாக்கடையும் போட்டு முடித்த பிறகே அந்த மனைப்பிரிவுக்கு மன்றத்தில் தீர்மானம் போட்டோம். இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் சேற்றில் நடப்பதில்லை. நேர்மைக்குத் தைரியம் வேண்டும் என்கிறார்கள். தைரியத்துக்கு அடியில் வேறு வருமானம் வேண்டும் என்பது நான் கண்டது.

மறுபடியும் ஜெயித்து வந்த என் இரண்டாவது பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவித்து, நீதிமன்றம் அதை ரத்து செய்து, மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தலைவரே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. குழாய் உடைந்தால் மக்கள் பழைய பழக்கத்தில் என்னிடமே வருவார்கள். அதிகாரம் இல்லாதபோதும் கைக்காசு போனது.

அந்த இடைவெளியில்தான் தறித் தொழில் எங்கள் கழுத்தைப் பிடித்தது. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போயின. சனிக்கிழமைக் கூலி ரொக்கத்தில் நடக்கும் தொழில் இது. வாரக்கணக்கில் தொழிலாளர்களுக்குச் சில்லறை கொடுக்க முடியாமல் தவித்தோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கூலி நெசவு செய்கிறவர்கள் கணக்காளர் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்றானது. மூன்று ஆண்டும் முழு நேரமாகத் தறிக்கூடத்தில் உட்கார்ந்தேன். எந்த உற்பத்தியாளர் சொன்ன தேதியில் கூலி தருகிறார், யார் இழுக்கிறார் என்று ஐந்தாண்டுக் கணக்கைப் பிரித்துப் போட்டேன். இழுத்தடிப்பவர்களின் பாவை வாங்குவதை நிறுத்தினோம். இரண்டு தறிகளை விற்றுக் கடனை முடித்தோம். கவனம் கொடுத்தால் தொழில் நிமிரும் என்று அப்போது கண்ணால் பார்த்தேன். இப்போது எடுத்திருக்கும் முடிவுக்கு விதை அங்கே விழுந்தது.

2019இல் எங்கள் தலைவர் பதவி பொதுப் பிரிவுக்கு மாறியது. எதிர்த்து நின்றவர்கள் எல்லாம் ஆண்கள். நிற்கச் சொல்லி வீடு தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மேட்டுத் தெருப் பெண்களும் அருந்ததியர் தெருப் பெண்களும்தான். மூன்று ஆண்டு தலைவர் இல்லாமல் இருந்ததில் அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள். அவர்களுக்காக நின்றேன்.

2020 ஜனவரி 6இல் பதவியேற்றோம். மூன்றாவது மாதம் ஊரடங்கு. பிளீச்சிங் பவுடர், கபசுரக் குடிநீர், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு என்று ஊராட்சி ராப்பகலாக ஓடியது. தூய்மைக் காவலர்கள் அன்று செய்த வேலைக்கு எந்தக் கூலியும் ஈடாகாது. எங்கள் ஊரில் பெரிய கவலை தறி ஓட்ட வந்த வட மாநிலத் தொழிலாளர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கூடத்திலேயே படுத்துறங்குகிறவர்கள். அவர்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை, ஓட்டு இல்லை. ஊர்க் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. தறி உரிமையாளர்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் சமையல் என்று பிரித்தோம். எங்கள் கூடத்து அடுப்பு முதல் நாளே மூட்டப்பட்டது. பிறகு அவர்கள் ஊர் திரும்ப ரயில் விட்டபோது பெயர்ப் பட்டியல் எழுதி அனுப்பியதும் ஊராட்சி அலுவலகத்திலிருந்துதான். ஓட்டு இல்லாதவர்களையும் ஊராக எண்ணுவது தலைவரின் வேலை என்று அந்த இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தது.

அந்தப் பதவிக்காலத்தின் பிற்பாதியில் வீட்டில் நிலைமை மாறியது. 2021 நவம்பரில் பல்லடம் ரகத் துணி நெசவுக்கு 20 சதவீதக் கூலி உயர்வு என்று அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தம் ஆனது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் வேலைநிறுத்தம். தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தலைவர் என்ற முறையில் பட்டினி கிடக்கும் தொழிலாளர் வீடுகளுக்குப் போனேன். தறி உரிமையாளர் என்ற முறையில் கூட்டங்களுக்கு என் வீட்டுக்காரர் போனார். போனவருக்கு அங்கே பேசியது சரியாகக் கேட்கவில்லை. பல்லாண்டு காலத் தறிச் சத்தம் அவருடைய காதை வாங்கிவிட்டது. இந்தத் தொழிலில் மூத்தவர்கள் பலருக்கு இதுதான் கதி. அலைபேசியில் பேரம் பேச முடியாது, பாவு விவரம் கேட்டு எழுத முடியாது. 2023இல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது ஒரு நிம்மதிதான். ஆனால் மின்சாரம் மலிந்தாலும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்.

மகள் பொறியியல் முடித்துவிட்டு வந்திருந்தாள். நான் முதல் முறை ஜெயித்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தவள். சாதாத் தறிக்கு எதிர்காலம் குறைவு, நாடா இல்லாத ரேப்பியர் தறிக்கு மாற வேண்டும் என்று திட்டம் எழுதி வைத்திருந்தாள். வங்கிக்கு ஒன்றாகப் போக வேண்டும், மெஷின் பார்க்க ஒன்றாகப் போக வேண்டும். ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, ஊர்ல எல்லாருக்கும் நீங்க நேரம் குடுத்துட்டீங்க. அடுத்த அஞ்சு வருசம் எனக்குக் குடுங்க." அதில் குறை சொல்லும் தொனி இல்லை. தொழிலுக்குக் கூட்டாளி தேடுகிறவளின் கேள்வி அது. அத்தைக்கும் எண்பது தாண்டிவிட்டது. மாமா இப்போது இல்லை. கடன் வாங்கித் தேர்தலில் நிற்காதே என்று சொன்ன அத்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது.

தறி தள்ளாடும் வீட்டிலிருந்து நான் மறுபடியும் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மோட்டார் காயில் எரியும், கூலிப் பெட்டி காலியாக இருக்கும், ஒப்பந்தக்காரர் உதவிக்கு வருவார். இத்தனை வருடம் காத்ததை அந்தக் கட்டத்தில் காப்பது கடினம். அதனால்தான் இப்போதே விலகுவது சரி என்று முடிவு செய்தேன்.

விலகுவதற்கும் வேலை இருக்கிறது. கடைசி ஆண்டில் ஒரு காரியம் செய்தோம். எந்தக் கேட் வால்வு எந்தத் தெருவுக்கு, எந்தக் குழாய் எந்த ஆண்டு புதைத்தது, எந்த ஆழ்குழாய்க் கிணற்றில் எத்தனை அடியில் மோட்டார் நிற்கிறது என்பதெல்லாம் தொட்டி இயக்குபவர் தலையிலும் என் தலையிலும்தான் இருந்தது. தெருத் தெருவாக நடந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, வரைபடம் போட்டோம். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று தொட்டி இயக்குபவரிடம், ஒன்று மகளிர் குழுத் தலைவியிடம். முத்திரை, தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு எல்லாம் ஊராட்சிச் செயலர் முன்னிலையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். இப்போது குழாய் உடைந்தால் என்னைக் கேட்காமலே வால்வை மூடுகிறார்கள். எனக்கு அதில் பெருமை.

2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. இந்த முறை தறி உரிமையாளராக நானே கூட்டங்களுக்குப் போனேன். மன்றக் கூட்டத்தில் பழகிய பழக்கம் அங்கே உதவியது: கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது, எதிராளியை முழுதாகப் பேசவிட்டுப் பதில் சொல்வது, ஒப்புக்கொண்டதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது. தறிக் கணக்கு ஊராட்சிக்கு உதவியது. ஊராட்சி அனுபவம் இப்போது தறிக்கு உதவுகிறது.

அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர்கள். அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டு வருமானம் எது என்று முதலில் பாருங்கள். பதவி வந்த பிறகும் அதை ஒரு நாளும் விடாதீர்கள். கடன் வாங்கி நிற்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் தரையில் போய் அளந்து பாருங்கள். கணக்கை ஊர் நடுவில் வாசியுங்கள். அரசிடம் நான் கேட்பதும் ஒன்று உண்டு. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் தலைவர்களுக்கு ஒரு குடும்பம் வாழக்கூடிய ஊதியமும், அவசரப் பழுதுக்கு உடனே எடுக்கக்கூடிய ஒரு சிறு தொகையும் கொடுங்கள். சொந்தத் தறி இல்லாத, நிலம் இல்லாத பெண்ணும் யார் தயவும் இல்லாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊருக்குத் தண்ணீர் விட அப்போதுதான் முடியும். நாற்காலியில் உட்காரும் உரிமையைச் சட்டம் அவளுக்குக் கொடுத்துவிட்டது. நேர்மையாக உட்காரும் வசதியைக் கொடுப்பதுதான் மிச்சம்.